தலைநகரமும் பெருநகரமும்

ஒரு நாட்டின் மிகப் பெரிய நகரத்தையே அதன் தலைநகரம் என்று கருதிவிடுவது உலகெங்கும் காணப்படும் பிழையாகும். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் சிட்னி என்றும், துருக்கியின் தலைநகரம் இஸ்தான்புல் என்றும், பாகிஸ்தானின் தலைநகரம் கராச்சி என்றும் எண்ணுவோர் பலர். உண்மையில் அவை முறையே கான்பெரா, அங்காரா, இஸ்லாமாபாத் ஆகும். நம் நாட்டில் இப்பிழை சற்று வேறு வடிவில் வருகிறது. புது தில்லியே தலைநகரம் என்பதைப் பெரும்பாலோர் அறிவர். எனினும் மும்பையை 'வணிகத் தலைநகரம்' என்றும் 'நிதித் தலைநகரம்' என்றும் நாள்தோறும் படித்துப் பழகிவிட்டதால், நாட்டின் செல்வம் குவிந்துள்ள இடத்திலேயே அதிகாரமும் குவிந்திருக்கும் என்ற எண்ணம் நம்மை அறியாமலேயே தோன்றிவிடுகிறது.

தேர்வில் ஒரு மதிப்பெண்ணை இழப்பதோடு முடிந்துவிடும் பிழை அன்று இது. தாராவியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒரு குடும்பம் குடிநீர்க் குழாய்க்கு யாரிடம் விண்ணப்பிப்பது, மாற்று வீட்டுக்கான தகுதியை யார் முடிவு செய்வது, வீடு நிற்கும் நிலம் யாருக்கு உரியது என்பன எல்லாம் இந்த வேறுபாட்டைச் சார்ந்தவை. ஆகவே தலைநகரம் என்பது யாது, பெருநகரம் என்பது யாது, மும்பை இவற்றுள் எந்த அளவுக்கு எது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

சொல்லும் பொருளும்

குழப்பத்தின் ஒரு பகுதி நம் சொல்லிலேயே உள்ளது. 'தலை' என்னும் சொல் ஆளும் இடத்தையும் குறிக்கும்; முதன்மையையும் குறிக்கும். தலையாய நகரம் எதுவோ அதுவே தலைநகரம் என்று பொருள் கொள்வது எளிது. ஆனால் பழந்தமிழ் நாட்டின் வரலாறு இவ்விரண்டையும் பிரித்தே காட்டுகிறது. பாண்டியர் மதுரையிலிருந்து ஆண்டனர். முத்தும் வணிகமும் கொற்கைத் துறையில் நடந்தன. சேரர்க்கு வஞ்சி தலைநகராக இருக்க, யவனர் கலங்கள் முசிறிக்கு வந்தன. பல்லவர் காஞ்சியில் அரசு வீற்றிருக்க, அவர்தம் கடல் வாணிகம் மாமல்லபுரத்தின் வழியே சென்றது. அரசிருக்கை ஓரிடத்திலும் துறைமுகம் வேறிடத்திலும் அமைவது நமக்குப் புதியதன்று.

சட்ட நோக்கில், ஒரு நாட்டின் நாடாளுமன்றம், அமைச்சரவை, தலைமைச் செயலகம் ஆகியவை நிலையாகச் செயற்படும் இடமே தலைநகரமாகும். மக்கள்தொகையோ, ஆலைகளின் எண்ணிக்கையோ, வங்கிகளின் இருப்போ அதனைத் தீர்மானிப்பதில்லை. 'வணிகத் தலைநகரம்' என்பது ஓர் உவமைத் தொடர். அது ஒரு நகரத்துக்குக் கிடைத்த பாராட்டே அன்றிப் பதவி அன்று.

எண்கள் கூறுவது

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெருமும்பை மாநகராட்சிப் பகுதியில் சுமார் 1 கோடியே 24 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அதே கணக்கில், குடியரசுத் தலைவர் மாளிகையும் நாடாளுமன்றமும் அமைந்துள்ள புது தில்லி நகராட்சிக் குழுவின் எல்லைக்குள் வாழ்ந்தோர் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றே மிகுதியானவர். இந்தியாவின் தலைநகரம் என்று குறுகிய பொருளில் எதைக் குறிப்பிடுகிறோமோ, அந்நகரம் மக்கள்தொகையில் மும்பையின் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே ஆகும்.

ஆனால் எல்லைக்கோட்டை மாற்றினால் எண்ணும் மாறும். தில்லி தேசியத் தலைநகரப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2011இல் அதன் மக்கள்தொகை 1 கோடியே 68 இலட்சம். மாநகராட்சி எல்லையைக் கடந்து தொடர்ச்சியாகப் பரவியுள்ள நகர்த் தொகுதிகளை ஒப்பிட்டால், அவ்வாண்டில் மும்பைத் தொகுதி 1 கோடியே 84 இலட்சத்துடன் முதலிடத்தில் இருந்தது. பின்னர் 2018இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டில் தில்லித் தொகுதி மும்பையை முந்திவிட்டது. அதற்கு முன்னரும் முதலிடம் கைமாறியுள்ளது. 1981ஆம் ஆண்டுக் கணக்கு வரை கல்கத்தா நகர்த் தொகுதியே இந்தியாவில் பெரியது. 1991இல்தான் பம்பாய் அதனைக் கடந்தது. 

கல்கத்தா, மும்பை, தில்லி என்று முதலிடம் மாறிய இக்காலத்தில் தலைநகரம் ஒருமுறைகூட மாறவில்லை. 'மிகப் பெரிய நகரம்' என்பது கணக்கெடுப்பில் கிடைக்கும் தகுதி. 'தலைநகரம்' என்பது அரசின் முடிவால் கிடைக்கும் தகுதி. மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று.

முடிவால் அமையும் நகரம்

தலைநகரம் முடிவால் அமைவது என்பதற்கு நம் நாடே சான்று. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராகவும் அதன் மிகப் பெரிய நகரமாகவும் கல்கத்தா விளங்கிய காலத்தில், 1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். தில்லி அப்போது மக்கள்தொகையில் கல்கத்தாவைவிடப் பன்மடங்கு சிறியது. வங்கப் பிரிவினையால் எழுந்த கொந்தளிப்பும், நாட்டின் கிழக்கு விளிம்பில் கல்கத்தா அமைந்திருந்ததும், தில்லிக்கு இருந்த வரலாற்றுப் பெருமையும் காரணங்களாயின. லட்யென்ஸ், பேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் வகுத்த புது தில்லி 1931 பிப்ரவரியில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. தலைநகர் பெயர்ந்த பின்னரும் பல்லாண்டுகள் கல்கத்தாவே நாட்டின் மிகப் பெரிய நகரமாக நீடித்தது.

பிற நாடுகளிலும் இவ்வாறே நடந்துள்ளது. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்பர்னும் தலைநகர்ப் பெருமைக்குப் போட்டியிட்டன. இரண்டுக்கும் இடமளிக்காமல், சிட்னியிலிருந்து குறைந்தது நூறு மைல் தொலைவில் புதிய தலைநகர் அமைய வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டமே விதித்தது. அவ்வாறு எழுந்த கான்பெராவில் 1927இல் நாடாளுமன்றம் கூடியது. துருக்கிக் குடியரசு 1923இல் அங்காராவைத் தேர்ந்தது. பிரேசில் தன் உள்நாட்டு நிலப்பரப்பை வளர்க்கும் நோக்குடன் 1960இல் பிரேசிலியாவுக்கு மாறியது. நைஜீரியா 1991இல் லாகோசை விட்டு அபுஜாவுக்குச் சென்றது. நமது அண்டை நாடான இலங்கையின் நாடாளுமன்றம் 1982இல் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. கொழும்பு வணிக நகராகத் தொடர்கிறது.

உழைப்பால் வளர்ந்த நகரம்

மும்பை இவ்வாறு ஓர் ஆணையால் எழுந்த நகரம் அன்று. ஏழு தீவுகளாகக் கிடந்த நிலம் 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி போர்ச்சுகீசியரிடமிருந்து இங்கிலாந்து மன்னருக்குச் சீதனமாக வந்தது. 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்கு அது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. இயற்கைத் துறைமுகமே அதன் முதல் மூலதனம். 1853 ஏப்ரல் 16இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பருத்தி ஆலைகள் எழுந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்தியப் பருத்திக்குக் கிராக்கி பெருகியதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நகரின் வளர்ச்சியை விரைவுபடுத்தின.

துறைமுகமும் ஆலையும் ரயிலும் ஆட்களை அழைத்தன. வந்தவர்களுள் தமிழர் கணிசமானவர். அவர்கள் குடியமர்ந்த மூன்று இடங்கள் நகரம் வளர்ந்த மூன்று வழிகளை எடுத்துக்காட்டுகின்றன.

முதலாவது தாராவி. மாஹிம் ஓடையின் கரையில் கோலி மீனவர் வாழ்ந்த சதுப்பு நிலத்தில் சௌராஷ்டிரத்துக் குயவர்களும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தோல் பதனிடும் தொழிலாளரும் குடியேறினர். நகரத்தின் திட்டப் படத்தில் இடம்பெறாத இப்பகுதி அவர்தம் உழைப்பாலேயே மேடாக்கப்பட்டு ஊராயிற்று.

இரண்டாவது மாட்டுங்கா. 1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர் 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் தோட்டங்களும் கொண்ட குடியிருப்புகளை வகுத்தது. அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்ற வந்த தென்னிந்தியர் இங்கு நிலைத்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது இச்சூழலில்தான்.

மூன்றாவது செம்பூர். 1950இல்தான் இது பெருமும்பையுடன் இணைக்கப்பட்டது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்கு முகாம் அமைந்த இவ்விடத்தின் அருகே, மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், டிராம்பேயில் உரத் தொழிற்சாலையும் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன. படித்த தமிழ்க் குடும்பங்கள் பல மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் பரவின.

ஒரே நகரத்தின் இம்மூன்று பகுதிகளில் ஒன்று திட்டமின்றியும், ஒன்று நகரமைப்புத் திட்டத்தாலும், ஒன்று பெருந்தொழில்களின் அண்மையிலும் வளர்ந்தது. மூன்றுக்கும் பொதுவானது, பிழைப்புத் தேடி வந்த மக்களின் முயற்சியே.

தலைநகருக்கு வெளியே தலைமையகங்கள்

மும்பையைத் தலைநகரம்போல் தோன்றச் செய்யும் மற்றொரு காரணமும் உண்டு. தேசிய அளவிலான பல நிறுவனங்கள் இங்கு தலைமையிடம் கொண்டுள்ளன. 1935 ஏப்ரல் 1இல் தொடங்கப்பெற்ற இந்திய ரிசர்வ் வங்கியின் மைய அலுவலகம் முதலில் கல்கத்தாவில் இருந்து, 1937இல் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. நாட்டின் நாணயத்தைக் காக்கும் வங்கி தன் மைய அலுவலகத்தைத் தலைநகரில் ஒருபோதும் கொண்டிருந்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பணச் சந்தை இருக்கும் இடத்தில் மைய வங்கி இருப்பதே வசதி என்பது அதன் கருத்து. 1956இல் அமைக்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகமும், பங்குச் சந்தைகளை நெறிப்படுத்தும் வாரியமும் இங்குதான் உள்ளன. 1951இல் உருவான மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே ஆகிய இரு மண்டலங்களின் தலைமையிடங்களும் மும்பையிலேயே உள்ளன. மாட்டுங்கா நிலையம் ஒரு மண்டலத்தையும், சிறிது தொலைவில் உள்ள மாட்டுங்கா ரோடு நிலையம் மற்றொரு மண்டலத்தையும் சேர்ந்தவை.

1954இல் தோற்றுவிக்கப்பட்ட அணுசக்தித் துறை இதற்கும் மேலான எடுத்துக்காட்டு. மத்திய அரசின் ஒரு துறையாக இருந்தும், அதன் செயலகம் புது தில்லியில் இல்லாமல் மும்பையில் இயங்குகிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ளது. நாட்டின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்டில் அங்கு இயங்கத் தொடங்கியது. 

இவை அனைத்தும் மத்திய அரசு மும்பைக்கு அனுப்பிவைத்த கிளைகள். இவற்றின் இருப்பினால் மும்பை நாட்டின் தலைநகரமாகிவிடுவதில்லை. மும்பை உண்மையில் தலைநகரமாக விளங்குவது மகாராஷ்டிர மாநிலத்துக்கே. அங்கும்கூட, 1953ஆம் ஆண்டு நாக்பூர் உடன்படிக்கையை ஒட்டி, சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தை நாக்பூரில் நடத்தும் வழக்கம் உள்ளது.

1956ஆம் ஆண்டின் வினா

மும்பை ஒரு மாநிலத்தின் தலைநகரமாக இருப்பதா, மத்திய அரசின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட நகரமாக இருப்பதா என்ற வினா ஒரு காலத்தில் உயிர்களைப் பலி கொண்டது. மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, பல மொழியினர் வாழும் பம்பாயை எந்த மாநிலத்துடனும் சேர்க்காமல் மத்திய ஆட்சிப் பகுதியாக்குவது என்று 1956 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நகரில் பெருங்கிளர்ச்சி மூண்டது. சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர். புளோரா நீரூற்றின் அருகேயுள்ள தியாகிகள் சதுக்கம் அவர்கள் நினைவாக அமைந்தது. மத்திய நிதி அமைச்சராக இருந்த சி. டி. தேஷ்முக் இப்பிரச்சினையில் பதவி துறந்தார். இறுதியில் மராத்தி, குஜராத்தி ஆகிய இரு மொழிப் பகுதிகளும் அடங்கிய பெரிய பம்பாய் மாநிலம் 1956 நவம்பர் 1இல் அமைந்தது. 1960 மே 1இல் அது பிரிக்கப்பட்டு, மும்பை மகாராஷ்டிரத்தின் தலைநகராயிற்று.

இதன் பொருளை உணரத் தில்லியின் நிலையை நோக்குதல் வேண்டும். 1952 முதல் தில்லிக்கு ஒரு சட்டமன்றம் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது, அதே 1956 நவம்பர் 1இல், அது ஒன்றியப் பகுதியாக்கப்பட்டுச் சட்டமன்றம் நீக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டின் 69ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின்னரே, 1993இல், மீண்டும் சட்டமன்றம் கூடியது. இன்றும் காவல்துறை, பொது அமைதி, நிலம் ஆகியவை தில்லிச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளன. மும்பையின் காவல்துறையோ மாநில அரசின் பொறுப்பில் உள்ளது. அந்நகரத்திலிருந்து 36 உறுப்பினர்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குச் செல்கின்றனர். நாட்டின் தலைநகரமாக இருப்பது பெருமை மட்டும் அன்று. அந்நகர மக்கள் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை நாட்டுக்காக விட்டுக்கொடுப்பதும் அதில் அடங்கும்.

சென்னை நகரைப் பற்றியும் இத்தகைய வினா எழுந்ததைத் தமிழ் வாசகர் அறிவர். ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1இல் பிரிந்தபோது, சென்னையின்மீது எழுந்த உரிமைக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. கர்நூல் அதன் தலைநகராயிற்று. அளவில் மிகச் சிறிய ஊர் தலைநகரானதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

தாராவியின் கதவுகள்

இனித் தொடக்கத்தில் குறிப்பிட்ட தாராவிக் குடும்பத்திடம் திரும்புவோம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களைப் பங்கிடுகிறது. நிலம், உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ரயில்வே, பெருந்துறைமுகங்கள், அணுசக்தி, வங்கித் தொழில், உப்பு ஆகியவை ஒன்றியப் பட்டியலில் உள்ளன. இந்தப் பங்கீடு தாராவியின் சந்துகளில் நேரடியாகவே தெரிகிறது.

குடிநீர், கழிவுநீர், குப்பை அகற்றல் ஆகியவை 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாநகராட்சியின் கடமை. தாராவி அதன் 'ஜி வடக்கு' வட்டத்திலும், மாட்டுங்காவின் பெரும்பகுதி 'எஃப் வடக்கு' வட்டத்திலும், செம்பூர் 'எம் மேற்கு' வட்டத்திலும் அடங்கும். குடிசைப் பகுதி என்று அறிவிப்பதும் மறுகுடியமர்த்தலும் 1971ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. தாராவி மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்ததற்குச் சான்று காட்டும் குடும்பம் அங்கேயே இலவச வீட்டுக்குத் தகுதி பெறுகிறது. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வசிப்போர்க்கும் விதிகள் வேறு. இந்தத் தேதியை வகுப்பது மாநில அரசு. ஒரு பழைய குடும்ப அட்டையோ வாக்காளர் பட்டியலில் உள்ள ஒரு வரியோ ஒரு குடும்பம் தாராவியில் தொடர்வதா, வெளியேறுவதா என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும். 

மத்திய அரசுக்கு இங்கு இடமே இல்லை என்றும் கூற இயலாது. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாய் மானியத்தின் ஒரு பகுதி தாராவிக்குச் செலவிடப்பட்டது. பணம் தில்லியிலிருந்து வந்தது. செயற்படுத்தும் பொறுப்பு மாநிலத்தின் வீட்டுவசதி அமைப்பிடம் இருந்தது. நில உடைமையும் இவ்வாறே பிரிந்துள்ளது. தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கு உரியது. எஞ்சியதில் மாநில அரசின் நிலமும், தனியார் நிலமும், ரயில்வே நிலமும் உண்டு. 2018இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி 2020இல் ரத்து செய்யப்பட்டதற்கு, ரயில்வே நிலத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று என்பதே முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. 2022இல் மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தாராவிக்கு வெளியே மாற்று வீடு கட்டுவதற்கு எனக் கேட்கப்பட்ட உப்பள நிலங்களும் மத்திய அரசுக்கு உரியவையே. மூன்று உரிமையாளர்கள் ஒரே முடிவுக்கு வரும்வரை காத்திருப்பது அந்த ஒற்றை அறைக் குடும்பந்தான்.

செம்பூரிலும் இந்நிலையைக் காணலாம். சுத்திகரிப்பு ஆலையின் புகை குறித்து ஒருவர் முறையிட விரும்பினால், ஆலை மத்திய அரசுத் துறையைச் சேர்ந்தது. 1981ஆம் ஆண்டுக் காற்றுத் தூய்மைச் சட்டத்தின்படி அதற்கு இசைவு அளிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆலைக்கு முன்னுள்ள தெருவைப் பராமரிப்பது மாநகராட்சி. தவறான அலுவலகத்துக்கு எழுதிய முறையீடு 'எம் பொறுப்பில் இல்லை' என்ற குறிப்புடன் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

முடிவுரை

தலைநகரம் அதிகாரத்தின் இருப்பிடம். பெருநகரம் உழைப்பின் இருப்பிடம். இரண்டும் ஒன்றாக அமையும் நாடுகளும் உண்டு. லண்டனும் பாரிசும் அத்தகையவை. நம் குடியரசில் அவை நெடுங்காலம் பிரிந்தே இருந்தன. அதிகாரமும் மூன்று அடுக்குகளாகப் பகிரப்பட்டுள்ளது. மாணவர்கள் தலைநகரங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒவ்வொரு தலைநகரமும் எந்த அரசின் தலைநகரம், அவ்வரசின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

அலுவலர்களுக்கு இதில் கூடுதலான பொறுப்பு உண்டு. தொலைவிலுள்ள ஊரிலிருந்து வந்து, வேற்று மொழி வழங்கும் பெருநகரில் வாழ்வைக் கட்டியெழுப்பிய ஒருவர் ஏழாம் அட்டவணையை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் முறையாகாது. அவரது மனுவைத் திருப்பி அனுப்பும்போது, அது செல்ல வேண்டிய அலுவலகத்தின் பெயரையும் ஒரு வரியில் குறித்தனுப்பினால், தலைநகரத்துக்கும் பெருநகரத்துக்கும் இடையேயுள்ள தொலைவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.